விக்கிப்பீடியாவில் பொய்யான அறிவியல் கட்டுரையைக் கண்டுபிடிப்பதும் அகற்றுவதும்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: "வேதியியல் படித்திருக்கிறேன், விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ஒரு சேர்மத்தைப் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. படித்தால் எங்கோ இடிக்கிறது. ஆனால் கீழே மேற்கோள்கள் வரிசையாக இருக்கின்றன. அது புரளிக் கட்டுரையா இல்லையா என்று எப்படி உறுதி செய்வது? புரளிதான் என்றால் நானே நீக்கிவிடலாமா?"

மேற்கோள்கள் இருப்பதால் தயங்குகிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். கட்டுரையின் அடியில் மேற்கோள் இருக்கலாம். அந்த மேற்கோளைத் திறந்தால் கட்டுரை சொல்லும் செய்தி அதில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. பல ஆண்டுகள் பிழைத்துக் கிடந்த புரளிகளில், யாரோ ஒருவர் ஒரே ஒரு மேற்கோளைக் கடைசி வரை பின்தொடர்ந்து போயிருந்தால் முதல் வாரத்திலேயே பிடிபட்டிருக்கக்கூடியவை நிறைய. யாரும் போகவில்லை. எல்லோரும் எண்களைப் பார்த்து, "சரி, ஆதாரம் இருக்கிறது" என்று கடந்துபோனார்கள்.

முஸ்டெலோடான் என்றொரு விலங்கு. பனாமாவில் வாழ்ந்து அழிந்துபோன ஊனுண்ணிப் பாலூட்டி, புதைபடிவம் கிடைத்திருக்கிறது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் 2005-இல் ஒரு சின்னக் கட்டுரை ஏறியது. 2020-இல்தான் அது பொய் என்று தெரிந்து அகற்றினார்கள். இல்லாத ஒரு விலங்கு 14 ஆண்டுகளுக்கு மேல் கலைக்களஞ்சியத்தில் குடியிருந்திருக்கிறது. இதற்குள் பல தளங்கள் அதைப் படியெடுத்துவிட்டன. எப்படித் தப்பியது என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. அது பெரிதாக எதையும் சொல்லவில்லை. ஆச்சரியம் எதுவும் அதில் இல்லை, யாரையும் சீண்டவில்லை. தொல்லுயிரியல் தெரிந்தவருக்கு அந்தப் பக்கம் போக வேலை இல்லை. போனவருக்குத் தொல்லுயிரியல் தெரியாது.

ஆனால் அதைப் பிடிக்கத் தொல்லுயிரியல் பட்டம் தேவையில்லை. உயிரினப் பெயர் என்றால் அதை முதலில் விவரித்தவர் பெயரும் ஆண்டும் இருந்தே தீர வேண்டும். நம் நீலகிரி வரையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அறிவியல் பெயருக்குப் பின்னால் "ஓகில்பி, 1838" என்று இருக்கும். அந்த ஆண்டில் அவர் அதை விவரித்தார் என்று பொருள். பின்னர் 2005-இல் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள், அதற்கும் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. புதைபடிவமாக இருந்தால் எந்த அருங்காட்சியகத்தில், எந்த எண்ணில் அந்த எலும்பு வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் முதல் விவரிப்பிலேயே இருக்கும். எனவே ஓர் உயிரினக் கட்டுரையில் நான் முதலில் தேடுவது பெயரிட்டவரையும் ஆண்டையும்தான். அவை இல்லையென்றால் வெறும் கவனக்குறைவாகவும் இருக்கலாம். தேடியும் எந்தப் பதிவகத்திலும் கிடைக்கவில்லை என்றால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

உங்கள் துறைக்கு வருகிறேன். வேதிச் சேர்மங்களுக்கு இதைவிட எளிதான ஒரு சோதனை இருக்கிறது. கட்டுரையின் ஓரத்தில் உள்ள தகவல் பெட்டியில் சிஏஎஸ் எண் என்று ஒன்று இருக்கும், மூன்று பகுதிகளாக, நடுவில் கோடு போட்டு. ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படும் பதிவு எண் அது. அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதற்கு முன்னால் உள்ள இலக்கங்களிலிருந்து அதைக் கணக்கிட்டு வரவழைக்கலாம். தண்ணீரின் எண் 7732-18-5. கடைசி 5-ஐ விட்டுவிட்டு, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக 1, 2, 3 என்று பெருக்கிக்கொண்டே போங்கள்: 8-ஐ 1-ஆல், 1-ஐ 2-ஆல், 2-ஐ 3-ஆல், 3-ஐ 4-ஆல், 7-ஐ 5-ஆல், அடுத்த 7-ஐ 6-ஆல். 8, 2, 6, 12, 35, 42. கூட்டினால் 105. கடைசி இலக்கம் 5, பொருந்துகிறது. காஃபீனுக்கு 58-08-2, இதே கணக்குப் போட்டால் 52 வரும், கடைசி இலக்கம் 2. மனம் போன போக்கில் எண்ணை எழுதியவருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் தெரிந்திருக்காது. பத்தில் ஒரு முறை தற்செயலாகப் பொருந்திவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். கணக்குப் பொருந்தினால் அந்த எண் உண்மையில் எந்தச் சேர்மத்தினுடையது என்று அடுத்துத் தேடிப் பார்க்க வேண்டும். வேறொரு சேர்மத்தின் எண்ணை எடுத்து ஒட்டியிருப்பதும் உண்டு.

புத்தகங்களின் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கும் இப்படிச் சரிபார்ப்பு இலக்கம் உண்டு. 13 இலக்க எண்ணாக இருந்தால் 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். விடை 10-ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற இணைய அடையாள எண் இருக்கும். அதைச் சொடுக்கினால் நேரே அந்தக் கட்டுரைக்குப் போகும். போய்ச் சேர்ந்ததும் தலைப்பைப் படியுங்கள். மூலிகைச் சேர்மம் பற்றி எழுதிவிட்டுக் கொடுத்த டிஓஐ, கான்கிரீட்டின் வலிமையைப் பற்றிய ஆய்வுக்குப் போனால் வேறு சான்றே தேவையில்லை.

மேற்கோளைத் திறக்கும்போது நான்கில் ஒன்று நடக்கும். அப்படியொரு நூலோ கட்டுரையோ இல்லாமலே போகலாம். இருந்தும் அதில் இந்தச் செய்தி இல்லாமல் இருக்கலாம். இருந்து, செய்தியும் இருந்து, அது சரியாகவும் இருக்கலாம்; அப்போது உங்கள் சந்தேகம் தவறு, நல்லதுதான். நான்காவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. நூல் உண்மை, செய்தியும் அதில் இருக்கிறது, ஆனால் அந்த நூலாசிரியரே அதை விக்கிப்பீடியாவிலிருந்துதான் எடுத்திருக்கிறார்.

தென் அமெரிக்காவில் கோட்டி என்று ஒரு விலங்கு, நீண்ட மூக்கும் வளையம் போட்ட வாலும் உடையது. 2008-இல் ஓர் அமெரிக்க மாணவர் அந்தக் கட்டுரையில் "இது பிரேசிலிய ஆர்ட்வார்க் என்றும் அழைக்கப்படுகிறது" என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்தார். ஆர்ட்வார்க் என்பது எறும்பு, கரையான் தின்னும் வேறொரு விலங்கு, ஆப்பிரிக்காவில் மட்டுமே வாழ்வது. கோட்டிக்கும் அதற்கும் உறவே கிடையாது. யாரும் அந்தப் பெயரில் அழைத்ததும் இல்லை. சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் நாளிதழ்களில் அந்தப் பெயர் வந்தது; ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலிலும் வந்தது. அந்த நாளிதழ்களைக் காட்டி விக்கிப்பீடியாவில் அந்தச் சொற்றொடருக்கு மேற்கோளும் போட்டார்கள். பொய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து தனக்குத்தானே சாட்சி சொன்னது.

மருத்துவத்தில் இது நடந்தால் என்ன ஆகும்? நடந்திருக்கிறது. நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பு பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் 2007 இறுதியில் "குளுக்கோஜாசினோஜென்" என்று ஒரு சொல்லைப் பெயர் தெரியாத யாரோ நுழைத்தார்கள். அப்படியொரு பொருள் உடலில் கிடையாது. உயிர்வேதியியல் சொல்போலவே ஒலிப்பதால் யாரும் அசையவில்லை. அது பின்னர் பல ஆய்வுக் கட்டுரைகளில் போய் உட்கார்ந்துவிட்டது. நோயாளிக்கு மருந்து எழுதும் துறையில், எழுதியவரும் பார்க்கவில்லை, சரிபார்த்தவரும் பார்க்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

இந்தச் சுற்றை உடைக்க வழி தேதிகளைப் பார்ப்பதுதான். கட்டுரையின் "வரலாறு" பக்கத்தைத் திறந்து, சந்தேகப்படும் அந்தச் சொல் எந்த நாளில், எந்தத் தொகுப்பில் (அதாவது திருத்தத்தில்) உள்ளே வந்தது என்று கண்டுபிடியுங்கள். பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டாம். நடுவில் ஒன்றைத் திறந்து, சொல் இருந்தால் முன்பாதி, இல்லையென்றால் பின்பாதி என்று பாதி பாதியாகப் போனால் ஆயிரம் தொகுப்பு உள்ள கட்டுரையிலும் பத்துத் தடவையில் பிடித்துவிடலாம். நாள் கிடைத்ததும், அதற்கு முந்திய நூல்களிலும் ஆய்விதழ்களிலும் மட்டும் அந்தச் சொல்லைத் தேடுங்கள். அந்த நாளுக்கு முன் உலகில் எங்குமே இல்லாத சொல், அதற்குப் பிறகு எங்கும் இருக்கிறது என்றால் அது எங்கே பிறந்தது என்று தெரிந்துவிட்டது.

2022 வரை பத்தாண்டுக்கு மேல் பிழைத்த ஒரு புரளி, படத்தால்தான் அம்பலமானது. ரொட்டி வாட்டும் மின்கருவியை 1893-இல் எடின்பரோவைச் சேர்ந்த ஆலன் மெக்மாஸ்டர்ஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார் என்று ஆங்கில விக்கிப்பீடியா சொல்லிக்கொண்டிருந்தது. 2012-இல் ஒரு பல்கலைக்கழக வகுப்பில் "விக்கிப்பீடியாவை நம்பாதீர்கள்" என்று ஆசிரியர் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்கள் விளையாட்டாகத் தொடங்கியது அது. அடுத்த ஆண்டு முழு வாழ்க்கை வரலாறாகவே எழுதி, பழைய காலத்துப் புகைப்படம் போலத் திருத்திய ஒரு படத்தையும் போட்டார்கள். அந்தப் பெயர் பள்ளிப் பிள்ளைகள் வரை போனது. பிரிட்டனின் 50 பவுண்டு நோட்டில் எந்த அறிவியலாளரின் படம் போடலாம் என்று மக்களிடம் கேட்டபோது வந்த பரிந்துரைகளிலும் அது இருந்தது. கடைசியில் 15 வயதுப் பையன் ஒருவன், "இந்தப் படம் பழைய படம் மாதிரி இல்லையே" என்று சந்தேகப்பட்டான். அவன் கண்ணை நான் மதிக்கிறேன்.

இதையே இயற்பியல் தெரிந்தவர் வேறு வழியில் பிடித்திருக்கலாம். ரொட்டியை வாட்ட, கம்பி செந்நிறமாகக் காய்ந்து, காற்றில் எரிந்து அறுந்து போகாமல் நாள்தோறும் தாங்க வேண்டும். அதற்கு வழி செய்தது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. ஆல்பர்ட் மார்ஷ் அதற்குக் காப்புரிமை பெற்றது 1906-இல். அதற்கு 13 ஆண்டு முன்பே ஒருவர் வீட்டில் பயன்படுத்தும் மின்கருவியைச் செய்துவிட்டார் என்றால் எந்தக் கம்பியில் செய்தார் என்று கேட்டிருக்க வேண்டும். இந்தக் கேள்வி ஒன்றே பொய்யை நிரூபித்துவிடாது. முன்னோடி முயற்சிகள் எந்தக் கருவிக்கும் உண்டு. ஆனால் மேற்கோளைத் திறந்து பார்க்கத் தூண்டியிருக்கும். உங்கள் படிப்பு உதவுவது இந்த இடத்தில்தான். எங்கோ இடிக்கிறது என்றீர்களே, எது இடிக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். உருகுநிலையா, மூலக்கூறு எடை வாய்பாட்டோடு பொருந்தவில்லையா, பிரித்தெடுத்த ஆண்டில் அந்தக் கருவியே கிடையாதா? அந்த ஒரு வாக்கியம் கையில் இருந்தால் மற்றவர்களிடம் பேசுவது எளிது.

வெறும் உள்ளுணர்வை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஸ்ரீஜன் குமார், ராபர்ட் வெஸ்ட், யூரே லெஸ்கோவெட்ஸ் ஆகிய மூவர் 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் புரளி என்று குறிக்கப்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு புரளி, ஓர் உண்மைக் கட்டுரை என்று இரண்டை இரண்டாகக் காட்டி எது பொய் என்று ஆட்களைக் கேட்டதில் சரியாகச் சொன்னது 66 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். அதே வேலையைச் செய்த கணினி நிரல் 86 விழுக்காடு சரியாகச் சொன்னது. ஆட்கள் நீளத்தையும் அமைப்பையும் பார்த்து ஏமாந்தார்கள். நிரல் கட்டுரையைச் சுற்றியிருந்ததைப் பார்த்தது. யார் எழுதியது, அந்தக் கணக்குக்கு எத்தனை நாள் வயது, இந்தக் கட்டுரை பிறப்பதற்கு முன் வேறு கட்டுரைகளில் இந்தப் பெயர் வந்திருக்கிறதா, உள்ளே போட்டிருக்கும் இணைப்புகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையா? உண்மையான பொருளுக்கு ஊரில் நாலு பேரைத் தெரிந்திருக்கும். பொய்யான பொருள் தனியாக நிற்கும்.

தமிழில் இந்தத் தேடலில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை வெளியிலிருந்து வரும் வழிகாட்டிகள் சொல்ல மாட்டார்கள். தமிழில் தேடினால் கிடைக்கவில்லை என்பதற்குப் பொருளே இல்லை. நம் அறிவியல் கட்டுரைகள் பலவற்றின் தலைப்பே எழுதியவர் அன்று ஆக்கிய கலைச்சொல். அதோடு, தமிழ்நாட்டில் ஆக்சிஜன் என்பது இலங்கைப் பாடநூலில் ஒட்சிசன். நைட்ரஜன் அங்கே நைதரசன். இலங்கையர் எழுதிய கட்டுரையை இங்குள்ளவர் பிழை மலிந்தது, உளறல் என்று நினைத்த சம்பவங்கள் உண்டு. எனவே மூலமொழிப் பெயரையோ இலத்தீன் பெயரையோ எண்ணையோ வைத்துத் தேடுங்கள். அது கட்டுரையில் கொடுக்கப்படவே இல்லை என்றால் எழுதியவரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, மொழிபெயர்ப்பு வழியாக வரும் புரளி. ஆங்கிலத்தில் இருந்தபோது நல்லெண்ணத்தோடு ஒருவர் தமிழாக்குகிறார். பிறகு ஆங்கிலத்தில் அது பொய் என்று நீக்கிவிடுகிறார்கள். தமிழ்க் கட்டுரை அப்படியே நிற்கிறது, யாரும் சொல்லவில்லை. சிறிய மொழிகளின் விக்கிப்பீடியாக்களில் புரளிகள் இப்படித்தான் அகதிகளாகத் தங்குகின்றன. மற்ற மொழி இணைப்பு ஒன்றுகூட இல்லாத மொழிபெயர்ப்புக் கட்டுரையைக் கண்டால், ஆங்கில விக்கிப்பீடியாவின் நீக்கல் பதிவில் அந்தத் தலைப்பை ஒரு முறை தேடுவது என் வழக்கம்.

படிக்கத் தெரியாத மொழியில் மேற்கோள் இருந்தால்? சீன விக்கிப்பீடியாவில் ஒரு பயனர் பத்தாண்டு காலம் 200-க்கும் மேற்பட்ட கட்டுரைகளில் இடைக்கால ரஷ்ய வரலாற்றையே கற்பனையாக எழுதியிருந்தது 2022-இல் தெரியவந்தது. இல்லாத ஒரு வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றி, மண்ணின் தன்மையும் உலோகம் பிரிக்கும் முறையும் உட்பட விரிவான கட்டுரை அதில் இருந்தது. ரஷ்ய மொழி மேற்கோள்கள் என்பதால் யாரும் தொடவில்லை. அவருக்குப் பாராட்டுப் பதக்கம்கூடக் கொடுத்திருந்தார்கள். கதைக்குச் செய்தி தேடிவந்த ஒரு நாவலாசிரியர், மூலங்களைத் தேடிப் போய்க் காணாமல் திகைத்ததில்தான் எல்லாம் வெளிவந்தது. தெரியாத மொழி மேற்கோளா, அந்த மொழி விக்கிப்பீடியாவின் ஆலமரத்தடிக்கு, அதாவது பயனர்கள் கூடிப் பேசும் பொதுப் பக்கத்துக்குப் போய், "இந்த நூலின் இந்தப் பக்கத்தில் இது இருக்கிறதா, பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் யாராவது பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாப் பொய்யும் முழுக் கட்டுரையாக வருவதில்லை. ஒரு வாக்கியமாக நுழைவதே அதிகம். திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வராத தமிழ் வீடு இல்லை. தாழ்வான சுற்றுப்பாதையில் ஓடும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழும். நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் மட்டுமே இருக்க முடியும். திருநள்ளாறு நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகைக்கு மேல் வடக்கே இருக்கிறது. சிதம்பரம் பூமியின் காந்தப்புலத்தின் மையப்புள்ளி என்பதும் இப்படித்தான். பூமியின் மேற்பரப்பில் அப்படி ஒரு மையப்புள்ளி கிடையாது. காந்த நடுக்கோடு உண்டு, அது உலகைச் சுற்றி ஓடும் கோடு, தென்னிந்தியாவின் முனைக்கு அருகே செல்கிறது. அதனால்தான் தும்பாவில் ஏவுதளம் அமைத்து 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட்டை விட்டார்கள்.

இப்படிப்பட்ட வரிகளைச் சேர்ப்பவர்கள் யாரையும் ஏமாற்ற வரவில்லை. தங்கள் ஊர்க் கோயிலின் மீதுள்ள அன்பால் சேர்க்கிறார்கள். அவர்களைப் புரளிக்காரர் என்று அழைப்பது அநியாயம். வரியை நீக்கும்போது தொகுப்புச் சுருக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். முடிந்தால் கோயிலின் கல்வெட்டு, கட்டடக் கலை பற்றி நல்ல ஆதாரத்தோடு ஒரு வரி நீங்களே சேருங்கள். வெறும் கையோடு வந்து எடுத்துவிட்டுப் போகவில்லை என்று அவர்களுக்கும் தெரியும். அதேபோல், புரளியைப் பற்றிய கட்டுரை புரளிக் கட்டுரை ஆகாது. ஆதிமனிதனின் எலும்பு என்று 1912-இல் கிளம்பி 1953-இல் அம்பலமான பில்ட்டவுன் மனிதன், 1996-இல் தமிழ்நாட்டையே பேச வைத்த மூலிகை பெட்ரோல் இவற்றுக்கெல்லாம் கட்டுரை இருக்கத்தான் வேண்டும். முதல் வாக்கியத்திலேயே அது மோசடி என்று சொல்லியிருந்தால் போதும்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புதுப்பயனர் கடல் ஒட்டுண்ணி ஒன்றைப் பற்றிக் கட்டுரை தொடங்கினார். செவுள் வழியாக மீனின் வாய்க்குள் புகுந்து, நாக்கின் இரத்தத்தை உறிஞ்சி, நாக்கு சுருங்கி அற்றுப்போனதும் அந்த இடத்தில் தானே நாக்காக ஒட்டிக்கொள்ளும் என்று எழுதியிருந்தார். மேற்கோள் இல்லை. எனக்கு நேரமும் இல்லை. "புரளி போல் தெரிகிறது" என்று, கட்டுரையை உடனே நீக்கக் கோரும் அறிவிப்பான விரைந்து நீக்கு வார்ப்புருவைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். அந்த உயிரி உண்மை. 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரிக்கப்பட்டது. நாக்குக்குப் பதிலாக அமர்வதைப் பற்றி 1983-இல் ஆய்வே வந்திருக்கிறது. இலத்தீன் பெயரைத் தேடியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மறுநாள் தவறு உணர்ந்து வார்ப்புருவை எடுத்து, அவர் பேச்சுப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் திரும்பி வரவே இல்லை. அந்தக் கட்டுரைதான் அவருடைய முதலும் கடைசியும். இயற்கையில் நம்ப முடியாத உண்மைகள் எத்தனையோ உண்டு. நம்ப முடியவில்லை என்பது தேடத் தொடங்குவதற்குக் காரணம். நீக்குவதற்குக் காரணம் ஆகாது.

உங்கள் இரண்டாவது கேள்வி, நானே நீக்கலாமா என்பது. கட்டுரையை முழுதாக நீக்கும் பொத்தான் நிர்வாகிகளிடம்தான் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது வழக்கைத் தயார் செய்வது. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் தலைப்பிட்டு, எதை எங்கே தேடினீர்கள், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். "பொய் என நினைக்கிறேன்" என்றால் விவாதம் வளரும். "மேற்கோள் 2-இல் உள்ள டிஓஐ வேறு கட்டுரைக்குப் போகிறது, மேற்கோள் 3-இல் உள்ள இதழின் அந்தத் தொகுதியில் 412-ஆம் பக்கமே இல்லை, சிஏஎஸ் எண் கணக்கில் பொருந்தவில்லை" என்று எழுதினால் நிர்வாகி வந்து ஐந்து நிமிடத்தில் சரிபார்த்து முடிவெடுக்க முடியும். பிறகு கட்டுரையின் மேலே வார்ப்புருவை இடுங்கள். அப்பட்டமான புரளிக்கு விரைந்து நீக்கும் வார்ப்புரு; ஐயம் மிச்சமிருந்தால் நீக்கல் உரையாடலுக்கு விடும் வார்ப்புரு. நீங்கள் முழு உறுதியாக இல்லை என்றால் இரண்டாவதே நல்லது. எழுதியவரின் பேச்சுப் பக்கத்தில் தகவல் சொல்லுங்கள், குற்றம் சாட்டாமல், "இந்த மேற்கோளை எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை, உங்களிடம் படி இருக்கிறதா?" என்று. உண்மையாளர் படியைக் காட்டுவார். புரளிக்காரர் பெரும்பாலும் மௌனமாகிவிடுவார், அல்லது கோபப்படுவார்.

கட்டுரைக்குள்ளிருந்து உள்ளடக்கத்தை நீங்களே அழித்துவிடாதீர்கள். பார்க்க வருபவருக்குச் சான்று அதுதான்.

நீக்கியதோடு வேலை முடியாது, பலரும் கைவிடுவது இங்கேதான். நீக்குவதற்கு முன்பே, இந்தக் கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் பக்கங்களைக் காட்டும் "இப்பக்கத்தை இணைத்தவை" பட்டியலைத் திறந்து படி எடுத்துக்கொள்ளுங்கள். புரளி எழுதுபவர் தன் கட்டுரைக்கு நம்பகம் சேர்க்க வேறு நல்ல கட்டுரைகளில் ஓரிரு வரி சேர்த்திருப்பார். அந்தச் சேர்மம் ஒரு தாவரக் கட்டுரையில் இருக்கும், ஒரு நோய்க் கட்டுரையில் இருக்கும், பட்டியல் ஒன்றிலும் வார்ப்புரு ஒன்றிலும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டால், கட்டுரை இல்லாத தலைப்பைக் காட்டும் சிவப்பு இணைப்பைப் பார்க்கும் அடுத்த நல்லவர் "கட்டுரை இல்லையே" என்று புதிதாக எழுதத் தொடங்கிவிடுவார். பயனரின் பங்களிப்புகள் பக்கத்தையும் முழுதாகப் பாருங்கள். ஒன்றோடு நிறுத்தியவர்கள் குறைவு. விக்கிப்பீடியாக்களுக்குப் பொதுவான படக் களஞ்சியமான பொதுவகத்தில் படம் ஏற்றியிருந்தால் அங்கும் நீக்கக் கோர வேண்டும். எல்லா மொழிக் கட்டுரைகளையும் இணைக்கும் தரவுத்தளமான விக்கித்தரவில் அதற்கென்று ஓர் உருப்படி உருவாகியிருக்கும், அதை வைத்துத்தான் மற்ற மொழிகளுக்கு அது பரவும். வேறு மொழிகளில் கட்டுரை இருந்தால் அந்தந்த மொழியினருக்குச் சொல்லுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் நெடுநாள் பிழைத்த புரளிகளுக்குத் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள், எப்போது பிறந்தது, எப்போது பிடிபட்டது என்று. பின்னால் வருபவர்கள் கற்றுக்கொள்ள அது பெரிய உதவி.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் ஒரு புதுவகை சேர்ந்திருக்கிறது. எழுதியவருக்கே அது பொய் என்று தெரியாது. கருவியிடம் கேட்டார், அது சரளமாக எழுதி, இல்லாத நூல்களை மேற்கோளாகவும் கொடுத்தது, அப்படியே ஒட்டிவிட்டார். மேற்கோளின் வடிவம் அச்சு அசலாக இருக்கும். ஆசிரியர் பெயர் அந்தத் துறையில் உண்மையிலேயே இருப்பவராகவும் இருக்கலாம். மேலே சொன்ன எண் கணக்குகளும் டிஓஐ சோதனையும் இவற்றுக்கு எதிராகத்தான் இப்போது அதிகம் பயன்படுகின்றன. யாரும் சரிபார்க்காமல் இப்படி ஒட்டிய கட்டுரைகளை நீண்ட உரையாடல் இல்லாமலே நீக்க ஆங்கில விக்கிப்பீடியா 2025-இல் விதி செய்துகொண்டது. தமிழில் புதுக்கட்டுரைகளைத் தொடர்ந்து பார்க்கும் கண்கள் குறைவு. வேதியியல் படித்த ஒருவர் அதில் சேருவது எங்களுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் பார்த்த கட்டுரைக்கு வருவோம். இன்று சிஏஎஸ் எண்ணை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு மேற்கோள்களில் எது உங்களுக்கு எளிதாகக் கிடைக்கிறதோ அந்த ஒன்றைத் திறந்து, குறிப்பிட்ட பக்கம் வரை போங்கள். கண்டதை உரையாடல் பக்கத்தில் எழுதிவிட்டு ஆலமரத்தடியில் இணைப்பைப் போடுங்கள். மீதி மேற்கோள்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.